கடைப் பூட்டு

சிங்காரத்தோப்பில் செல்போன் கடைக்கா பஞ்சம்? தடுக்கி விழுந்தால் ஒரு கடை. கவர் விற்கிறவர், கண்ணாடி ஒட்டுகிறவர், பழைய போனைத் துடைத்துப் புதுசு என்று தலையில் கட்டுகிறவர் என்று சாலையின் இரண்டு பக்கமும் ஆள் நிற்பார்கள். அவர்களையெல்லாம் தாண்டி, ஒரு காம்ப்ளக்ஸின் படியில் இறங்கி, அடித்தளத்தின் கடைசி மேஜை வரைக்கும் பெண்கள் வருவார்கள். புர்கா போட்டவர்களும் வருவார்கள், பூ வைத்தவர்களும் வருவார்கள். எல்லோரும் தேடி வருவது நஜீமாவை.

கைத்திறமை என்று பார்த்தால் அவள் ஒன்றும் சூரப்புலி இல்லை. அதே அடித்தளத்தில் முன்பக்கக் கடை வைத்திருக்கும் அப்ரார் பாய், அவள் ஒரு போனைக் கழற்றி முடிப்பதற்குள் இரண்டு போனை மாட்டியே கொடுத்துவிடுவார். ஆனாலும் பெண்கள் அவரைத் தாண்டித்தான் வந்தார்கள். நஜீமா போனைப் பழுது பார்ப்பாள், போனுக்குள் இருப்பதைப் பார்க்க மாட்டாள். இந்தப் பேர் ஆழ்வார்தோப்பிலிருந்து கே.கே. நகர் வரைக்கும் பரவியிருந்தது.

சும்மா வந்த பேர் இல்லை அது. அவள் தங்கை சம்ரீனுக்குப் பத்தொன்பது வயதில் நிச்சயம் ஆகியிருந்தது. டிஸ்பிளே மாற்ற ஒரு கடையில் போனைக் கொடுத்துவிட்டு வந்தாள். மாமி மகள் கல்யாணத்தில் தலையில் துணி இல்லாமல் அவள் ஆடிய படம் ஒன்று அந்தக் கடையிலிருந்து கிளம்பி, யார் யார் கைக்கோ போய், கடைசியில் மாப்பிள்ளை வீட்டுக்கே வந்து சேர்ந்தது. நிச்சயம் நின்றது. திருடியவன் யாரென்று தெரு முழுக்கத் தெரியும். அவனை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்டதெல்லாம் சம்ரீனைத்தான். போன் நம்முடையது, படம் நம்முடையது, எடுத்தவன் திருடன், இதில் நம் பிள்ளை செய்த தப்பு என்ன என்று நஜீமா வீட்டில் கத்தித் தீர்த்தாள். அத்தா தொப்பியை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குக் கிளம்பிவிட்டார்.

அந்த ஆத்திரம் அவளுக்கு ஆறவேயில்லை. பெண்களுக்கு இலவசமாகச் செல்போன் பழுது பார்க்கச் சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, நாற்பத்தைந்து நாள் பயிற்சிக்குப் போய்ச் சேர்ந்தாள். காந்தி மார்க்கெட்டில் லோடு ஆட்டோ ஓட்டும் அவள் புருஷன் கலீம், வீட்டு மிக்ஸி நின்றால் ஊரைக் கூட்டுகிறவள் போனைப் பிரிக்கப் போகிறாளாம் என்று கிண்டலடித்தான். பிறகு அப்ரார் பாயிடம் போய்ப் பேசி, அவர் வாடகைக்கு எடுத்திருந்த இடத்தில் அந்த மூலை மேஜையை உள்வாடகைக்குப் பிடித்துக் கொடுத்ததும் அதே கலீம்தான்.

மேஜைக்கு வந்த முதல் நாளே நஜீமா இரண்டு சட்டம் போட்டாள்.

மற்ற கடைகளில் என்ன செய்வார்கள்? போனைத் திறக்கும் கோட்டுப் பூட்டை வாடிக்கையாளரிடம் கேட்டு, ஒரு சின்னச் சீட்டில் ஒன்பது புள்ளி வைத்து வரைந்து, போனின் முதுகிலேயே ஒட்டிவிடுவார்கள். வீட்டுச் சாவியை நிலைப்படியில் ஆணி அடித்து மாட்டுவதுபோல என்று நஜீமா தலையில் அடித்துக்கொள்வாள். அவள் மேஜையில் போனை விட்டுப் போகிறவர்கள் முதலில் தங்கள் பூட்டை எடுத்துவிட வேண்டும். அதற்குப் பதிலாக, மேலிருந்து கீழே இறங்கி வலப்பக்கம் திரும்பும் ஒரு கோடு, இங்கிலீஷ் எல் எழுத்து மாதிரி. இதற்குக் கடைப் பூட்டு என்று பேர். திரும்ப வாங்கும்போது அவரவர் பூட்டை அவரவர் போட்டுக்கொள்ளலாம். யாருடைய வீட்டுப் பூட்டும் அவளுக்குத் தெரிய வேண்டாம். வாடிக்கையாளருக்குக் கிழித்துக் கொடுக்கும் சீட்டின் அடிக்கட்டையில் ‘கடைப் பூட்டு’ என்று எழுதி ஒரு டிக் அடித்து வைப்பாள்.

இரண்டாவது சட்டம் இன்னும் கறார். ஆள் பக்கத்தில் இல்லாமல் போனுக்குள் எதையும் தொட மாட்டாள். அடுத்தவர் படமோ குரலோ ஒன்றுகூட அவள் போனிலோ கம்ப்யூட்டரிலோ ஏறாது. படத்தை ஏற்றி வைக்கச் சொல்லிக் கல்யாண வீட்டுக்காரர்கள் கெஞ்சினாலும் சரி, கிடையாது என்றால் கிடையாதுதான்.

நல்லவளாக இருந்தால் மட்டும் போதுமா? இரண்டு வருஷத்துக்கு முன்னால், காலேஜ் பெண் மாதிரி இருந்த ஒருத்தி ஒரு போனைக் கொடுத்துவிட்டுப் போனாள். அது லால்குடி பஸ்ஸில் திருடு போன போன். தேடி வந்த போலீஸ் நஜீமாவை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போய், காலை பதினொரு மணியிலிருந்து சாயங்காலம் வரைக்கும் பெஞ்சில் உட்கார வைத்தது. அப்ரார் பாய் வந்து நான் பொறுப்பு என்று சொன்ன பிறகுதான் விட்டார்கள். அதற்கும் முன்னால் ஒரு பேப்பரில் எழுதி வாங்கிக்கொண்டார்கள்: இனிமேல் பில்லும் பாக்ஸும் யாரிடம் இருக்கிறதோ, பாக்ஸில் உள்ள நம்பர் போனோடு யாருக்கு ஒத்துப் போகிறதோ, அவரிடம் மட்டும்தான் போனைக் கொடுப்பேன். மீறினால் மேஜை காலி. அந்தப் பேப்பரின் ஜெராக்ஸ் அப்ரார் பாயின் டிராயரில் இருந்தது. அதன் பிறகும் அவள் சீட்டைப் பார்த்துத்தான் போனைக் கொடுத்து வந்தாள். பில்லைக் காட்டிச் சண்டைக்கு வந்தவர் யாரும் இல்லாததால் வண்டி ஓடியது.

ஒரு புதன்கிழமை சித்ராதேவி வந்தாள். ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்க்கிறவள். நாற்பது வயது தாண்டியிருக்கும். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் சத்திரம் பஸ் ஸ்டாண்டு வந்து, அங்கிருந்து நடந்தே வந்திருந்தாள். மூச்சு வாங்கியது. போனை மேஜையில் வைத்தாள். கையை எடுக்க மனசில்லாமல் அதன் மேலேயே வைத்திருந்தாள்.

போனில் சார்ஜர் செருகும் பின் போயிருந்தது. சார்ஜ் பதினெட்டு சதவீதம்தான் மிச்சம். இந்த மாடலுக்கான பின் நாளை மத்தியானம்தான் வரும், நாலு மணிக்கு வாங்க என்றாள் நஜீமா. அப்போதுதான் சித்ராதேவி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். வீட்டுக்காரர் வெளியில் தங்கமானவர், வீட்டுக்குள் பேச ஆரம்பித்தால் வாய் நிற்காது. சில நாள் கையும் நிற்காது. பதினொரு மாதமாக அவர் பேசுவதையெல்லாம் அரிசி டப்பாவுக்குப் பின்னால் போனை வைத்துப் பதிவு செய்திருக்கிறாள். சந்தேகம் வராமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் ‘பிரேயர் ஒன்று’, ‘பிரேயர் இரண்டு’ என்று பள்ளிக்கூடப் பேர். வெள்ளிக்கிழமை வக்கீல் லிசி மேடத்திடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கையில் எடுத்துக்கொண்டு வந்தால்தான் கேஸ், இல்லையென்றால் அவர் வார்த்தைக்கு எதிராக உன் வார்த்தைதான் என்று அந்த வக்கீல் சொல்லிவிட்டாராம்.

“இது மட்டும் அவர் கைக்குப் போயிடக்கூடாதும்மா” என்றாள். “அதுக்கு வயர் வேண்டாமாமே, உங்க போனுக்கு இப்பவே அனுப்பி வெச்சுக்க முடியாதா?”

நஜீமாவுக்குத் தன் சட்டம் என்றால் உயிர்.

“அடுத்தவங்க பொருள் என் போன்ல ஏறாதுக்கா. நாளைக்கு அந்தப் பின்னை மாத்தினதும் நீங்களே பக்கத்துல உக்காந்து, உங்க கையால பென்டிரைவ்ல ஏத்திக்கோங்க.”

சித்ராதேவி சரி என்று தலையாட்டினாள். தன் பூட்டை எடுத்துவிட்டுக் கடைப் பூட்டைப் போட்டாள். வேறு நம்பர் ஏதாவது என்று நஜீமா கேட்டாள். இருந்தால் அல்லவா கொடுப்பாள்? பள்ளிக்கூட ஆபீஸ் நம்பரைக் கொடுக்கப் பயம். அங்கே இருக்கும் ஹெட்கிளார்க் புருஷனுக்குச் சிநேகிதர். சீட்டில் அந்த இடம் காலியாகவே இருந்தது. வீட்டில் கேட்டால் போனைப் பள்ளிக்கூடத்தில் சார்ஜில் மறந்து வைத்துவிட்டதாகச் சொல்லிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் படியேறினாள்.

மறுநாள் பதினொரு மணிக்குச் சித்ராதேவியின் புருஷன் ரெங்கராஜ் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, நெற்றியில் சின்னதாக ஒரு கோடு, கையில் துணிப்பை. சத்தமே இல்லாத மனுஷன். தன் போனை நீட்டிக் காட்டினார். அதில் மேப்பும், மேப்பில் இந்தக் காம்ப்ளக்ஸின் மேல் ஒரு பச்சைப் புள்ளியும் இருந்தது. மனைவி போனுக்கு மெயில் ஐடி எல்லாம் அவர் போட்டுக் கொடுத்ததுதான், எங்கே தொலைந்தாலும் கண்டுபிடித்துவிடலாம், எவ்வளவு வசதி பாருங்கள் என்றார். பையிலிருந்து பில்லை எடுத்து வைத்தார். பாக்ஸை எடுத்து வைத்தார். பில் அவர் பேரில் இருந்தது.

பின் இன்னும் வரவில்லை, அம்மா நாலு மணிக்கு வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்கள் என்று நஜீமா இழுத்துப் பார்த்தாள். பழுது பார்க்க வேண்டாம், அப்படியே கொடுங்கள் போதும் என்றார் அவர். சீட்டு அவர்களிடம் இருக்கிறது என்றாள். சிரித்துக்கொண்டே பில்லைத் தட்டிக் காட்டினார்.

“போன் உங்களுதுதான் சார். ஆனா உள்ள இருக்கிறது அவங்களுது” என்றாள். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததென்று அவளுக்கே தெரியவில்லை.

“போன் என்னது, சிம் என் பேர்ல, மெயில் என்னது. அவங்களும் என் வீட்டம்மாதானே. இதுல உள்ளே எது, வெளியே எது?”

கோபமே இல்லாமல் கேட்டார். சம்ரீனுக்காக வீட்டில் கத்தின வாய், இங்கே பில்லுக்கு முன்னால் அடைத்துப் போயிருந்தது.

பேச்சுச் சத்தம் கேட்டு அப்ரார் பாய் வந்துவிட்டார். பாக்ஸில் உள்ள நம்பரையும் போனில் உள்ள நம்பரையும் ஒத்துப் பார்த்தார். பிறகு நஜீமாவைத் தனியாக அழைத்துப் போய்ச் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் அன்று ஸ்டேஷனில் அவளுக்காக நின்றவர்.

“எழுதிக் குடுத்தது நீ. நின்னது நான். இந்த ஆளு நேரா ஸ்டேஷனுக்குப் போனா நம்ம ரெண்டு பேர் பொழப்பும் போச்சும்மா. அஞ்சு நிமிஷத்துல குடுத்தனுப்பு.”

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதுதான். மேலே போக ஒரே படிக்கட்டு. அதன் அடியில் ஸ்டூலைப் போட்டு ரெங்கராஜ் உட்கார்ந்துவிட்டார். சித்ராதேவிக்குச் சொல்லலாம் என்றால் எந்த நம்பருக்குச் சொல்வது? அவளுக்கு இருந்த ஒரே போன் நஜீமாவின் கையில்தான் இருந்தது.

பூட்டையாவது மாற்றிவிடலாமா என்று பார்த்தாள். அதற்குள் அப்ரார் பாய் சீட்டுக் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: கவலையே படாதீங்க சார், எங்க மேஜையில எல்லாப் போனுக்கும் ஒரே பூட்டு, எல் போட்டா திறந்துடும், திறந்து காட்டித்தான் குடுப்போம். எத்தனையோ பெண்களைக் காப்பாற்ற அவள் யோசித்துப் போட்ட பூட்டு. இன்றைக்கு அதன் சாவியைப் பாய் உபசாரமாக எடுத்து நீட்டிவிட்டார். இனிமேல் பூட்டு மாறியிருந்தால் மாற்றியது அவள்தான் என்று குழந்தைக்கும் தெரியும்.

சார்ஜ் ஆறு சதவீதம் இருந்தது. அடிக்கட்டையில் சீல் வைக்கிறேன் என்று சொல்லி, மேஜைக்குப் பின்னால் திரும்பி நின்றுகொண்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக, ஆள் இல்லாத நேரத்தில் ஒருத்தியின் போனைத் திறந்தாள். பிரேயர் ஒன்று, பிரேயர் இரண்டு என்று இருநூற்றுப் பதினாலு பதிவுகள். பின் இல்லாத போனில் வயர் போட முடியாது. காற்று வழியாகத் தன் போனுக்கு அனுப்பலாம் என்று எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தாள். நாற்பது நிமிஷம் ஆகும் என்று காட்டியது. சார்ஜ் அஞ்சாக இறங்கியது. நேற்றுச் சித்ராதேவி கெஞ்சினாளே, நேற்றைக்கு நாற்பது நிமிஷம் இருந்ததே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

“முடிஞ்சதாம்மா?” என்று படிக்கட்டிலிருந்து குரல் வந்தது.

அவள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது சம்ரீனின் முகம். யார் கைக்கோ போன படம், யார் யாரோ பார்த்த படம். இந்த மனுஷன் வீட்டில் போய் உட்கார்ந்து இருநூற்றுப் பதினாலையும் கேட்பார். கேட்டு முடித்துவிட்டு எழுந்து சமையலறைப் பக்கம் போவார். யா அல்லாஹ், அது நடக்கக் கூடாது. நஜீமா எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழித்தாள். அழித்ததெல்லாம் குப்பைத் தொட்டியில் முப்பது நாள் கிடக்கும் என்பது தொழில் தெரிந்தவளுக்குத் தெரியாதா? அதையும் திறந்து காலி செய்தாள்.

அப்ரார் பாய் போனை வாங்கி எல் போட்டுத் திறந்து கொடுத்தார். ரெங்கராஜ் நின்றபடியே பார்த்தார். படங்களைத் தள்ளிப் பார்த்தார், யாருடன் பேசியிருக்கிறாள் என்று பார்த்தார், வாட்ஸ்அப்பில் ஒவ்வொன்றாக இறங்கி ஏறினார். பதிவுகள் இருந்த பக்கம் அவர் விரல் போகவேயில்லை. போனைப் பையில் போட்டுக்கொண்டு, ரொம்ப நன்றிம்மா என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

நஜீமா நாற்காலியில் விழுந்தாள். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி. அந்தப் பக்கம் இப்போது போகாவிட்டால் என்ன, வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார். பார்த்தாலும் ஒன்றும் இருக்காது. கெட்டிக்காரி நீ என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டாள் என்றுகூடச் சொல்லலாம். கலீமுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். சபாஷ் என்றான் அவன். மத்தியானம் பின் வந்தது. எதற்கென்றே தெரியாமல் அதையும் வாங்கி வைத்தாள்.

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே சித்ராதேவி சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தாள். புதுசாக ஒரு பென்டிரைவ் வாங்கி வந்திருந்தாள், அட்டையைக்கூடப் பிரிக்கவில்லை. நஜீமா அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு ஒன்றுவிடாமல் சொன்னாள். மேப்பு, பில்லு, எழுதிக் கொடுத்த பேப்பர், அப்ரார் பாய், ஆறு சதவீதம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கையில் கிடைக்காமல் எல்லாவற்றையும் அழித்துவிட்டேன், ஒரு வார்த்தைகூட அவர் கேட்கவில்லை, நீங்கள் பயப்பட வேண்டாம் என்று முடித்தாள்.

சித்ராதேவி தண்ணீரைக் குடிக்கவில்லை.

“எல்லாமேவா?”

“எல்லாம்தான்க்கா. திரும்ப யாராலயும் எடுக்க முடியாது” என்றாள் நஜீமா. அதை ஆறுதலாகத்தான் சொன்னாள்.

முன்பக்கக் கடையில் யாரோ ரிங்டோனை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஏன் அழவில்லை, ஏன் நன்றி சொல்லவில்லை என்று நஜீமாவுக்குப் புரியவில்லை. மெதுவாகத்தான் சித்ராதேவி பேசினாள். கோபம்கூட இல்லை அதில்.

“அவர் கேட்டா கேட்டுட்டுப் போகட்டுமேம்மா. பேசினதே அவர்தானே. கோர்ட்டுல எப்படியும் ஒரு நாள் கேக்கத்தானே போறாரு. கையில கிடைச்சா அழிச்சிடுவாரேன்னுதான் நான் பயந்தேன்.”

பார்த்துவிடுவார்களே, கேட்டுவிடுவார்களே என்று பயந்தே வளர்ந்த வீடு நஜீமாவுடையது. ஒருத்தி கேட்கட்டும் என்றே எடுத்து வைத்திருப்பாள் என்று அவள் புத்திக்கு எட்டவேயில்லை. மன்னிச்சிடுங்கக்கா என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சித்ராதேவி எழுந்துவிட்டாள்.

“உங்களைக் குத்தம் சொல்லலைம்மா. என் நல்லதுக்குன்னுதான் பண்ணினீங்க. எங்க வீட்டுலயும் எல்லாம் என் நல்லதுக்குத்தான்.”

ஆறு மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும், போன் வேறு அவரிடம் போய்விட்டது என்று சொல்லிவிட்டு அவள் படியேறிப் போனாள்.